குட்டி இருக்கும் கரை

மூடுபனி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கியது. முதலில் மலையுச்சிக் கற்குவியல் மறைந்தது, அப்புறம் மேல்வேலி, அப்புறம் லாயத்துக் கூரை. இஷ்பெல் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியையும் காணோம். கெட்டில் மறுபடி கொதித்து அடங்கிவிட்டது. டோனாக் என்ற பெண்குதிரையில் ஏறி மலைக்குப் போன மருமகள் லோர்னா இன்னும் வரவில்லை.

"வந்துருவா. டோனாக் கூட்டிட்டு வந்துரும்," என்று நாயிடம் சொன்னாள். கிழட்டு நாய். வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது, வாலைக்கூட ஆட்டவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் அவளும் நினைத்தாள். கோரிபெக் பண்ணையில் மட்டக்குதிரை வளர்க்க ஆரம்பித்த காலத்திலிருந்து இங்கே சட்டம் ஒன்றுதான். மலையில் பனி மூடிவிட்டால் கடிவாள வாரைத் தளர விட்டுவிட வேண்டும். கையைப் பிடரிமயிரில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். குதிரை வீடு வந்து சேரும். இஷ்பெலின் புருஷன் ஒரு தடவை பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் மூக்கு முட்டக் குடித்துவிட்டு, சேணத்திலேயே தூங்கிக்கொண்டு, இப்படிப்பட்ட பனியில் வந்து முற்றத்தில் நின்றான். சாகிறவரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான் மனுஷன்.

ஆனால் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் லோர்னாவின் திசைகாட்டி தொங்கிக்கொண்டிருந்தது. இஷ்பெல் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். கண் அங்கேதான் போயிற்று.

லோர்னா கிளாஸ்கோக்காரி. மலை நடை என்றால் பைத்தியம். வரைபடமும் திசைகாட்டியும் கழுத்தில் தொங்க ஊர் ஊராக நடந்து திரிந்தவள், ஒருநாள் கோரிபெக் வாசலில் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த என் பிள்ளை அன்றைக்கு வெளியே போனவன்தான், இன்னும் என்னிடம் திரும்பி வரவில்லை என்பது இஷ்பெலின் பழைய புகார். இப்போது அந்த மகன் ஃபின்லே வடகடலில் எண்ணெய்த் தளத்தில் வேலை பார்க்கிறான். வீட்டில் மாமியாரும் மருமகளும், லாயத்தில் பெண்குதிரைகளும். இஷ்பெலுக்கு வாய் நீளம். லோர்னாவுக்குப் பொறுமை நீளம். அதனால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

காலையில்கூட அப்படித்தான்.

"அதை எதுக்குடி கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்கற? குதிரையேறப் போறியா, கப்பல் ஓட்டப் போறியா?"

"பனி கினி இறங்கினா..."

"இறங்கினா டோனாக்குக்குத் தெரியும். உன் மூளையை நம்பாத, அது மூளையை நம்பு. உன்னுதைவிட அதோடது பெருசு."

லோர்னா சிரித்துவிட்டாள். "சரி அத்தை. இதோ கழட்டிட்டேன். இங்கேயே மாட்டிட்டேன். இப்ப சந்தோஷமா?"

அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

டோனாக்கை மலைக்கு அனுப்பியதும் இஷ்பெல்தான். இந்த வாரம்தான் அதன் குட்டிக்குப் பால் மறக்கடிக்கப் பிரித்திருந்தார்கள். பால் மறக்கடிக்கும்போது தாயும் குட்டியும் ஒன்றின் சத்தம் இன்னொன்றின் காதில் விழாத தூரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் மாறி மாறிக் கத்தி, தீனி எடுக்காமல் உருகிப்போகும். வழக்கமாக இஷ்பெல் குட்டிகளை மூன்றாவது பள்ளத்தாக்கில் இருக்கும் சித்தி மகன் வீட்டுக்கு அனுப்புவாள். இந்த வருஷம் குதிரை ஏற்றும் வண்டியின் அச்சு முறிந்து கிடந்தது. ஆற்றுக்கு அக்கரையில் டோர்னமோர் பண்ணை ருவாரி, "என் லாயத்துல விடு, இடையில மேடு இருக்கு, ஒரு சத்தமும் கேக்காது," என்றான். அவனுடைய டிராக்டர் பெட்டியில் ஏற்றிப் பாலம் வழியாகக் கொண்டு போனார்கள். தாய்க்காரி சும்மா நின்றால் மடி கட்டிக்கொள்ளும், நினைப்பும் குட்டியிலேயே இருக்கும். அதனால் மலையேற்றி மேல்வேலியைப் பார்த்துவிட்டு வா என்று மருமகளை அதன்மேல் ஏற்றி அனுப்பினாள்.

தொலைபேசி அடித்தது. இஷ்பெல் ஓடிப்போய் எடுத்தாள். மலையில் கைபேசி எடுக்காது என்று தெரிந்தும், "லோர்னா?" என்றாள்.

"லோர்னா இல்லம்மா, உன் காதலன் ருவாரி."

"போய்யா, உன்னைக் காதலிக்கிறதுக்குப் பதிலா நான் ஆத்துல விழுவேன். என்ன விஷயம்?"

"உன் குட்டி விஷயம்தான். உன்னை மாதிரியே பிடிவாதம். லாயக் கதவை உதைச்சு உதைச்சுப் பலகையைப் பேத்துருச்சு. காலை ஒடிச்சுக்கப் போகுதேன்னு விடிஞ்சதும் வெளியே விட்டுட்டேன்."

"வெளியேன்னா எங்க?"

"ஆத்தோரப் புல்வெளியில. புல்லு நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க மேயுது? காலையிலேர்ந்து தண்ணிக்கிட்ட நின்னு உங்க மலையைப் பார்த்து ஒரே கத்தல். என் வீட்டுக்காரி காதுல பஞ்சு வெச்சுக்கிட்டா. இதைச் சொல்லலாம்னுதான்..."

இஷ்பெலுக்கு அதற்கப்புறம் அவன் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. ஆற்றோரப் புல்வெளி ஆற்றை நடந்தே தாண்டும் பழைய துறைக்கு நேர் எதிரே இருக்கிறது. காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் மலையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. குட்டியின் குரல் மேல்வேலி வரைக்கும் போயிருக்கும்.

"ருவாரி," என்றாள். "லோர்னா மலையில இருக்கா. டோனாக் மேல."

"அதுக்கென்ன, டோனாக் தானா வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். அவனும் குதிரைக்காரன்தான். "ஐயோ," என்றான்.

"நான்தான் சொல்லியிருக்கேன். பனி இறங்கினா வாரை விட்டுடுன்னு. அவ விட்டுடுவா ருவாரி, நான் சொன்னா அப்படியே கேப்பா. அது நேரா குட்டிகிட்டப் போகும்."

"துறையில இன்னைக்குத் தண்ணி..."

"எனக்குத் தெரியாதா?"

மேலே மலையில் விடாமல் பெய்த மழை எல்லாம் அன்று ஃபீரக் ஆற்றில்தான் போய்க்கொண்டிருந்தது. கோடையில் அந்தத் துறையில் முழங்கால் தண்ணீர் கிடக்கும். டோனாக் அதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டும். அக்கரைப் புல்லுக்காக வருஷா வருஷம் தாண்டியிருக்கிறது. அந்த இடத்தில் இப்போது ஆளை முழுங்கும் வெள்ளம். குட்டி கூப்பிட்டால் தாய்க்காரி முழங்காலா கழுத்தா என்று பார்த்துக்கொண்டா நிற்கும்? இறங்கிவிடும்.

"இங்க கேளு," என்றாள் இஷ்பெல். மூளை ஓடியது. "குட்டியை அங்கேயிருந்து கிளப்பு. கரையோரமாவே கீழே பாலத்துக்குக் கொண்டு வா. குட்டி கத்துற பக்கம்தான் அது போகும். கத்தல் பாலத்துப் பக்கம் நகர்ந்தா அதுவும் இந்தக் கரையிலேயே பாலத்துப் பக்கம் நகரும். தண்ணியில இறங்காது."

"கயிறு பிடிச்சு நடக்கப் பழகாத குட்டி, இஷ்பெல்."

"இழு. தள்ளு. தோள்ல தூக்கிக்க. எனக்குத் தெரியாது. ஆனா கத்திக்கிட்டே வரணும், கேட்டியா? நான் இந்தக் கரையில துறைக்குப் போறேன்."

ரிசீவரை வைக்கக்கூட இல்லை, அது கயிற்றில் தொங்கிற்று. கோட்டை மாட்டினாள். ஆணியில் இருந்த திசைகாட்டியைப் பிடுங்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஆற்றோர வண்டித்தடத்தில் ஜீப்பை ஓட்டினாள் என்று சொல்வது தப்பு, தடவிக்கொண்டு போனாள். விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர், அணைத்தால் சாம்பல் சுவர். பாலத்தில் ஏறாமல் இந்தக் கரையிலேயே அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தடத்தின் மேலேயே தண்ணீர் ஏறிக் கிடந்தது. முன்சக்கரம் சேற்றில் இறங்கிச் சுற்றியது. "நாசமாப் போ," என்று ஜீப்பைத் திட்டிவிட்டு இறங்கி நடந்தாள். வலது முழங்கால் ஒரு காலத்தில் பொலிகுதிரை உதைத்த முழங்கால், ஈரத்தில் பேசாமல் இருக்காது. இன்றைக்கு அது வலித்ததா என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

"லோர்னா!"

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. அடித்தொண்டையிலிருந்து, பெரிதாக, கோபமாக. இஷ்பெல் அப்படியே நின்றுவிட்டாள். பிறகுதான் அது கலைமான் என்று உறைத்தது. பெட்டைகளுக்காக ஆண்மான்கள் மலையெல்லாம் அலறித் திரியும் மாதம். அறுபது வருஷமாக ஒவ்வொரு அக்டோபரிலும் கேட்ட சத்தம்தான். இன்றைக்கு அது வேறு சத்தமாகக் கேட்டது. கிளாஸ்கோவில் பிறந்த பெண் ஒன்று, தனியாக, ஒன்றுமே தெரியாத வெள்ளைக்குள் குதிரைமேல் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? என் மூளை இருந்த லட்சணம், என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை. காதில் மட்டும் இருந்தது. பெரிய பெரிய கற்களை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் காலுக்கடியில் அதிர்ந்தது.

அப்போது கேட்டது. அக்கரையில், இன்னும் மேலே, மெல்லியதாக, கீச்சென்று, கடைசியில் நடுங்கும் குரல். டோனாக்கின் குட்டி.

இஷ்பெலுக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு நாளாயிருந்தால் வாயை மூடு சனியனே என்றிருப்பாள். அந்தக் குரல் பனிக்குள் யாரை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நகரு, நகரு, கீழே வா என்று மனசுக்குள் கெஞ்சினாள். ருவாரி கயிற்றைப் போட்டுவிட்டான் போலிருக்கிறது. அடுத்த கத்தல் கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது. அதற்கடுத்தது இன்னும் கிட்டத்தில். கீழே வருகிறது. பாலத்துப் பக்கம் வருகிறது. இஷ்பெல் மூச்சு விட்டாள்.

பிறகு குட்டி நிறுத்திவிட்டது.

அவள் காத்திருந்தாள். ஆறு மட்டும் இரைந்தது. கத்தல் இல்லை.

"ருவாரி! என்னய்யா ஆச்சு?"

ஆற்றின் இரைச்சலைத் தாண்டித் துண்டு துண்டாக அவன் குரல் வந்தது. "...வரமாட்டேன்னு... வாளியில ஓட்ஸ்... இப்ப சமர்த்தா..."

பாவி மனுஷன்! குட்டி நடக்க அடம்பிடித்ததும் ஓட்ஸ் வாளியை மூக்கில் நீட்டி நடத்திக் கூட்டி வருகிறான். குதிரை வளர்க்கிற எவனும் அதைத்தான் செய்வான். அவளும் அதைத்தான் செய்திருப்பாள். வாய் நிறையத் தீனி வைத்துக்கொண்டு எந்தக் குட்டி கத்தும்?

"வாளியைத் தூக்கிப் போடு! கத்த விடுய்யா அதை! கத்த விடு!"

அக்கரைக்கு எட்டவில்லை. "...என்னது?" என்று ஒரு துண்டு வந்தது, அவ்வளவுதான்.

இப்போது டோனாக் எங்கே இருக்கும்? சத்தம் நின்றுவிட்டால் அது கடைசியாகக் கேட்ட இடத்துக்குத்தான் போகும். கடைசியாக அதன் காதில் நன்றாக விழுந்த இடம் துறை. காலை முழுவதும் விழுந்த இடம் துறை. வாரைத் தளர விட்டுவிட்டு, பிடரியைப் பிடித்துக்கொண்டு, மாமியார் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் லோர்னா. என்ன செய்கிறோம் என்று இஷ்பெல் யோசிக்கவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு அவள் கத்தினாள். லோர்னா என்றில்லை, ருவாரி என்றில்லை. குட்டி கத்துகிற மாதிரி, மெல்லியதாக ஆரம்பித்து உச்சிக்குப் போய் நடுங்கி முடிகிற மாதிரி.

யாராவது பார்த்திருந்தால் கிழவிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றிருப்பார்கள். முதல் தடவை குரல் பிசிறியது. இரண்டாம் தடவை இருமல் வந்தது. மூன்றாம் தடவை தொண்டை கிழிய வந்தது.

அக்கரையில் வாளி உருளும் சத்தம் கேட்டது. அடுத்து குட்டி கத்தியது. ஓட்ஸையும் துப்பிவிட்டு, ஐயோ நான் இங்கே இருக்கிறேன் என்று கத்தியது. இஷ்பெல் பதிலுக்குக் கத்தினாள். அது திருப்பிக் கத்தியது. இவள் பாலத்துப் பக்கமாகப் பின்னால் நகர்ந்துகொண்டே கத்த, அதுவும் ருவாரியை இழுத்துக்கொண்டு அதே பக்கம் ஓடிவந்தது. "ஏய், ஏய், மெதுவா!" என்று அவன் அலறியது இப்போது நன்றாகக் கேட்டது.

மேலே, துறைப் பக்கமிருந்து, கனத்த குரலில் டோனாக் பதில் சொன்னது.

இஷ்பெல் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் குரல் கரையில் நின்று கத்தும் குதிரையின் குரல் இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. பெரிதாக ஏதோ புரளும் சத்தம், குளம்பு கல்லில் வழுக்கும் சத்தம், மூக்கிலிருந்து தண்ணீரை ஊதும் சத்தம். அப்புறம் ஒரு பெண்ணின் அலறல். பாதியில் நின்றுவிட்டது.

இஷ்பெல் ஓடினாள். அந்த முழங்காலோடு எப்படி ஓடினாள் என்று இன்றுவரை அவளுக்கே ஆச்சரியம்தான். எதிரே பனிக்குள் கறுப்பாக ஒன்று திரண்டு, பெரிதாகி, டோனாக்காக மாறியது. தோள்வரை நனைந்து, வயிற்றிலிருந்து நீர் ஒழுக, கண் வெளியே பிதுங்க, குட்டியின் குரலை நோக்கிப் பாய்ந்து வந்தது. இஷ்பெல் கூப்பிட்டதை அது சட்டை செய்யவே இல்லை. உரசிக்கொண்டு போயிற்று.

சேணம் காலி. கால் வைக்கும் அங்கவடி இரண்டும் விலாவில் அடித்துக்கொண்டு போயின. வார் அறுந்து இழுபட்டது.

அந்த ஒரு கணத்தில் இஷ்பெல் ஃபின்லேயின் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு எந்த வாயால் சொல்வது? உன் பெண்டாட்டி என்னிடம் இருந்தாள், திசைகாட்டியைக் கழற்றச் சொன்னேன், குட்டியை அக்கரையில் விட்டேன், தாயின்மேல் அவளை ஏற்றினேன். "கடவுளே, கடவுளே, கடவுளே," என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது. குனிந்து டோனாக்கின் குளம்புத் தடங்களைப் பிடித்துக்கொண்டு போனாள். தடங்களில் தண்ணீர் ஊறி நிறைந்துகொண்டிருந்தது. கரைச் சேற்றில் குதிரை ஏறிய இடம் தெரிந்தது, புல் பிய்ந்து, மண் சரிந்து. அங்கே லோர்னாவின் ஒரு கையுறை கிடந்தது. அதற்கு அப்பால் தண்ணீர்.

"லோர்னா! ஏய் லோர்னா! பேசுடி! தாயே, பேசுடி!"

ஆறு இரைந்தது.

"அத்தை?"

கீழேயிருந்து வந்தது. காலடியிலிருந்தே வந்தது. இஷ்பெல் சேற்றில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள். கரையோர ஆல்டர் மரத்தின் வேர்கள் தண்ணீருக்குள் தொங்குமிடத்தில், இரண்டு முழங்கையையும் வேரில் கோத்துக்கொண்டு, மார்பளவு வெள்ளத்தில் லோர்னா தொங்கிக்கொண்டிருந்தாள். உதடு நீலம். கண் மட்டும் பெரிதாக.

"விட்டுடாதே. பேசாதே. பிடிச்சுக்கோ."

கோட்டைக் கழற்றி ஒரு கையை மரத்தில் சுற்றி இன்னொரு கையை அவளிடம் போட்டாள். லோர்னாவின் விரல்கள் மூடவில்லை. குளிரில் மரத்துப் போயிருந்தன. இஷ்பெல் படுத்தபடியே கீழே இறங்கி, அவள் பின்கழுத்துச் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். பிரசவத்தில் சிக்கிய குட்டிகளை எத்தனையோ தடவை இழுத்த கைகள்தான். கால் வழுக்கியது. மண் சரிந்தது. இரண்டு பேருமே போய்விட்டோம் என்று ஒரு முறை நினைத்தாள். பிறகு லோர்னாவின் முட்டி கரையில் பட்டது. இரண்டு பேரும் சேற்றில் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள்.

இஷ்பெல் அவள் முகத்தைத் தடவினாள், கையைத் தடவினாள், காலைத் தடவினாள். ஒரு பூட்ஸ் இல்லை. எலும்பு எதுவும் உடையவில்லை. தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவளுக்கு மாட்டி, கோட்டால் சுற்றி, மடியில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தேய்த்தாள். லோர்னாவின் பல் கிட்டியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"நீங்க சொன்னது சரிதான் அத்தை."

"எது?"

"வாரை விட்டுட்டேன். நீங்க சொன்ன மாதிரியே. அது கீழே இறங்கிச்சு. தண்ணிச் சத்தம் கேட்டுச்சு. வீடு இந்தப் பக்கம் இல்லையேன்னு தோணுச்சு. இழுத்து நிறுத்தலாமான்னு கைகூடப் போச்சு. உன் மூளையை நம்பாதேன்னு சொன்னீங்களேன்னு கையை எடுத்துட்டேன்."

இஷ்பெலின் கை அவள் முதுகில் நின்றுவிட்டது.

"அப்புறம் தண்ணியில இறங்கிடுச்சு. அப்பதான் பயந்துபோய் இழுத்தேன். வார் அறுந்துபோச்சு. என் தொடை வரைக்கும் தண்ணி. கண்ணை மூடிக்கிட்டேன். அப்ப பாருங்க, அதுவா நின்னுச்சு. காதைத் திருப்பிச்சு. அதுவா திரும்பிக் கரைக்கு வந்துச்சு அத்தை. ஏறும்போதுதான் நான் வழுக்கி விழுந்தேன், அது அதோட தப்பில்ல." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "அதுக்குத் தெரிஞ்சிருக்கு. தப்பான வழின்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு. இனிமே நான் சந்தேகமே படமாட்டேன். எந்தப் பனியிலயும்."

ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். சட்டம் சட்டமாகவே இருக்கும். மருமகள் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாள். ருவாரி வாயைத் திறக்க மாட்டான், அவன் பங்கும் இதில் இருக்கிறதே. இஷ்பெல் மருமகளின் முகத்தைப் பார்த்தாள். நீலம் பாரித்த அந்த முகத்தில் அப்படியொரு நம்பிக்கை. மதியத்திலிருந்து பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஒரு பயம் அப்போது அவளைப் பிடித்தது. இந்தப் பெண் அடுத்த தடவையும் கையை எடுத்துவிடுவாள்.

"அதுக்கு ஒரு மண்ணும் தெரியாது," என்றாள்.

"என்ன அத்தை?"

"அது வீட்டுக்கு வரலை. குட்டிகிட்டப் போச்சு. ருவாரி குட்டியைத் துறைக்கு எதிர்ல விட்டிருக்கான், அது காலையிலேர்ந்து கத்தியிருக்கு. நீ செத்தாலும் பொழைச்சாலும் டோனாக் அக்கரைக்குத்தான் போயிருக்கும். குட்டியைப் பாலத்துப் பக்கம் ஓட்டிக்கிட்டு வந்தோம், சத்தம் இந்தப் பக்கம் திரும்பிச்சு, அதுவும் திரும்பிச்சு. அவ்வளவுதான்." மூச்சு வாங்கினாள். "குட்டியை அக்கரைக்கு அனுப்பினவ நான். உன்னை அது மேல ஏத்தினவ நான். அந்தக் கருமத்தைக் கழுத்துலேர்ந்து கழட்ட வெச்சதும் நான்."

லோர்னா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் கிட்டுவது நின்றிருந்தது.

"நான் செத்திருப்பேன்," என்றாள்.

"ஆமாம்."

"நீங்க சொன்னதைக் கேட்டதுக்காகச் செத்திருப்பேன்."

"ஆமாம்டி."

லோர்னா கையை ஓங்கி அவள் தோளில் அடித்தாள். வலுவில்லாத அடி. இன்னொன்றும் அடித்தாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, இதுவரை அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். இஷ்பெல் தடுக்கவில்லை. அவளும் அழுதாள், சத்தமாக, யாருக்கும் வெட்கப்படாமல். கீழே பாலத்துப் பக்கம் இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன, கனத்தது ஒன்று, மெல்லியது ஒன்று. அப்புறம் இரண்டும் அடங்கின. குட்டி மடியில் வாய் வைத்துவிட்டது போலிருக்கிறது. இந்த வருஷப் பால் மறக்கடிப்பு போயே போய்விட்டது, போகட்டும்.

"இஷ்பெல்! ரெண்டும் இங்கதான் இருக்கு! லோர்னா எங்க? இஷ்பெல்!" ருவாரியின் குரல் உடைந்திருந்தது.

"இருக்கா!" என்று கத்தினாள். "இருக்காய்யா!"

எழுந்து நடந்தார்கள். லோர்னாவின் பூட்ஸ் இல்லாத காலில் இஷ்பெலின் கழுத்துத் துணி சுற்றியிருந்தது. பனி விலகுவதாயில்லை. தடம் எங்கே முடிகிறது, ஆறு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் ஒவ்வோர் அடியாக வைத்தார்கள். மலையில் மறுபடி மான் அலறியது. லோர்னா திடுக்கிட்டு நின்றாள்.

"அத்தை."

"ம்."

"இன்னொரு தடவை மலையில பனி இறங்கினா நான் என்ன பண்றது?"

இஷ்பெல் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினாள். கயிறு அவள் ஈரத் தலைமயிரில் சிக்கிக்கொண்டது, எடுத்துவிட்டாள்.

"இதைப் பாரு. இதுலயும் சந்தேகம் வந்தா இறங்கி உக்காரு. எங்க இருக்கியோ அங்கேயே உக்காரு. நான் வருவேன்."

லோர்னா மாமியாரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.